மைலேஜ் மீட்டர்: ஓபிடி அடாப்டரா, அர்டுயினோவா?

பெட்ரோல் காரில் மைலேஜ் மீட்டரை நாமே செய்ய இரண்டு வழி உண்டு. காரின் கோளாறைக் கண்டறிய வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில், கார் தகவலைப் போனுக்கு அனுப்பும் இஎல்எம்327 அடாப்டரைச் செருகி போனில் பார்ப்பது சுலபம். ஒரு வயரையும் தொட வேண்டாம். ஆனால் பல கார்களில் அது பெட்ரோலை நேரடியாக அளப்பதில்லை. ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பதால், இன்ஜினுக்குள் போகும் காற்றின் எடையை 14.7ஆல் வகுத்துக் கணக்கிடுகிறது. ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும், காற்று மட்டும் போகும். அப்போது இல்லாத செலவைக் காட்டிவிடும். டீசலுக்கு இந்தக் கணக்கே ஒத்துவராது.

அர்டுயினோ என்பது நாமே புரோகிராம் எழுதக்கூடிய சிறு எலக்ட்ரானிக் போர்டு. இந்த வழியில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தையும் வேக சென்சாரின் துடிப்பையும் எண்ணுகிறோம். 12 வோல்ட் சிக்னலை நேராகக் கொடுத்தால் போர்டு போய்விடும்; நடுவில் ரெசிஸ்டர் அவசியம். இரண்டு மூன்று முறை டேங்க்கை நிரப்பி, போட்ட பெட்ரோலோடு ஒப்பிட்டு மீட்டரின் அளவைத் திருத்த வேண்டும். அப்புறம் அந்த எண்ணை நம்பலாம். சாலிடரிங் தெரிந்தவர்களுக்கு இதையே சொல்வேன்.