திமிங்கலம் பார்க்கத் திருகோணமலை: நகரமா, நிலாவெளியா, உப்புவெளியா?

சேலத்திலிருந்து திமிங்கலம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இலங்கைதான் கிட்டத்தில் இருக்கிறது. திருச்சி வரை சுமார் 140 கிலோமீட்டர் காரில் போய்விட்டால், அங்கிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர விமானப் பயணம். எந்தக் கடற்கரையில், எப்படிப்பட்ட இடத்தில் தங்குவது என்பதுதான் குழப்பம். நாங்கள் போய் வந்ததிலிருந்து, அஸ்தம்பட்டியில் தெரிந்தவர்கள், பிள்ளைகளின் பள்ளித் தோழர்களுடைய பெற்றோர் எனப் பலரும் கேட்பது இதைத்தான். என் ஓட்டு, திருகோணமலை நகரத்தை ஒட்டிய கடற்கரையான உப்புவெளிக்கு.

முதலில் தெற்கா, கிழக்கா என்பதை முடித்துவிடலாம். தெற்கில் மிரிஸ்ஸ, கிழக்கில் திருகோணமலை. மிரிஸ்ஸவில் நவம்பர், டிசம்பரில் தொடங்கும் காலம் ஏப்ரலோடு முடிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பிவிட்டால் அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் தீவின் மறுபக்கத்தில் திருகோணமலைக் கடல் அடங்கிக் கிடக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே திமிங்கலக் காலம். அரையாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கு மிரிஸ்ஸ, கோடை விடுமுறையில் போகிறவர்களுக்குத் திருகோணமலை. நம் பள்ளிக்கூடக் காலண்டரே பாதி முடிவை எடுத்துவிடுகிறது.

மிரிஸ்ஸவுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படுபவை பெரிய படகுகள். மேற்கூரை, கழிவறை எல்லாம் இருக்கும். பக்கத்தில் வெலிகம, சற்றுத் தள்ளிக் காலிக் கோட்டை என எல்லாத் தரத்திலும் அறைகள் கிடைக்கும். நான் அங்கே போனது பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது. அதன்பின் நிறைய மாறியிருக்கலாம். ஆனால் ஒரே திமிங்கலத்தைச் சுற்றி அத்தனை படகுகள் வளைத்து நின்ற காட்சி மனத்தை உறுத்தியது. இலங்கையின் தென்கோடியான தெவுந்தர முனைக்குத் தெற்கே உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. சரக்குக் கப்பல்கள் மோதி நீலத் திமிங்கலங்கள் இறக்கின்றன. அந்தத் தொல்லைக்கு நடுவே வாழும் உயிரை, வேடிக்கை பார்க்கப் போகிற நாமும் விரட்டக் கூடாது.

திருகோணமலையின் சிறப்பு கடலுக்கு அடியில் இருக்கிறது. துறைமுகத்தின் வாயிலிலேயே ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கிவிடுவதால், ஆழ்கடலில் திரியும் நீலத் திமிங்கலமும் ஸ்பெர்ம் திமிங்கலமும் கரைக்குப் பக்கத்திலேயே வந்து போகின்றன. திருக்கோணேச்சரம் கோயில் நிற்கும் பாறையிலிருந்தே, நல்ல நாளாக அமைந்தால், அவை மூச்சுவிடும்போது எழும் நீர்த்தூவலைப் பார்க்க முடியும்.

இனித் தங்குமிடம். நகரத்துக்குள் தங்கினால் பஸ் நிலையமும் சைவச் சாப்பாட்டுக் கடைகளும் பக்கத்தில், கோயிலும் கிட்டத்தில். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம் என்பதால் பெரியவர்களுக்கு நகரம் பிடிக்கும். ஆனால் படகுக்கு ஒவ்வொரு விடியலிலும் ஆட்டோ பிடிக்க வேண்டும். கோயிலுக்கு மட்டும் என்றால் சரி, திமிங்கலத்துக்கு என்றால் வேண்டாம்.

நிலாவெளி நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். மணல் அகலம், கூட்டம் குறைவு, நீச்சல் குளம் வைத்த பெரிய விடுதிகள், எதிரே பவளப்பாறை பார்க்கும் புறாத் தீவு. அங்கே நாங்கள் இரவு தங்கியதில்லை. ஒரு பகல் முழுக்கச் சுற்றியதை வைத்துத்தான் சொல்கிறேன். புதுமணத் தம்பதியருக்கும் ஓய்வுக்காகவே வருகிறவர்களுக்கும் அதுவே நல்ல இடமாக இருக்கும். பெரிய விடுதியில் தங்கினால் பெரும்பாலும் அங்கேயேதான் சாப்பிட வேண்டியிருக்கும். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பத்துக்கு அந்தச் செலவு இடிக்கும்.

உப்புவெளி இரண்டுக்கும் நடுவில், நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது. மணலை ஒட்டியே சின்னச் சின்ன விருந்தினர் விடுதிகள். நாங்கள் இருந்த விடுதியில் அறைகள் குறைவு. வாசலில் மணல் கழுவ ஒரு குழாய், அதனடியில் தேய்ந்த கல். கதவுத் தாழ்ப்பாள் உப்புக் காற்றில் அரித்து, தூக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் விழும். ஏசி இரைச்சல் போடும். குழாய்த் தண்ணீர் உவர். சேலத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்குப் பழகிய நமக்கு அது பெரிய விஷயமில்லை. இத்தனையும் இருந்தும் நான் அதைத்தான் சொல்வேன்.

காரணம் ஒன்றே ஒன்று: கட்டிலுக்கும் படகுக்கும் இடையே உள்ள தூரம்.

திமிங்கலம் பார்க்கும் படகு விடியற்காலையில் புறப்படுகிறது. வெயில் ஏறுவதற்கும் காற்று கிளம்புவதற்கும் முன்னால் போய்த் திரும்ப வேண்டும். கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் அனல் தாங்காது. ஐந்தரைக்குப் படகு என்றால், நகரத்தில் தங்கியவர் நாலரைக்கே பிள்ளைகளை எழுப்பி, ஆட்டோவுக்காகத் தெருவில் நிற்க வேண்டும். அரைத் தூக்கத்தோடு ஏறும் பிள்ளைக்குத்தான் முதலில் குமட்டும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் யாருக்கெல்லாம் வாந்தி வருகிறதோ, அவர்களுக்குக் கடலிலும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளியில் படகு மணலிலேயே கிடக்கிறது. விடுதிக்காரர் இஞ்சித் தேநீரும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்தார். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து போய் ஏறினார்கள். நான்கு பேர் தோள் கொடுத்துத் தள்ள, கண்ணாடியிழைப் படகு மணலில் கரகரத்து நீரில் இறங்கியது. முதல் காலை கடல் சரியில்லை என்று படகோட்டி கையை விரித்துவிட்டார். எங்களுக்கு அதனால் நட்டம் எதுவும் இல்லை; அறைக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டோம். ஆட்டோ வைத்து வந்திருந்தவர்கள் மணலிலேயே காத்துக் கிடந்து, வெயில் ஏறிய பிறகு கிளம்பிப் போனார்கள்.

படகில் ஏறாதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் குடும்பங்களில் பாதிப் பேர் ஏற மாட்டார்கள். என் மாமியார், "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், எனக்குத் தரைதான் தோது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நிலாவெளியின் பெரிய விடுதியில் அவர் யாரோடு பேசுவார்? உப்புவெளியில் விடுதிக்கார அம்மாவோடு சமையலறை வாசலில் உட்கார்ந்து, சொதிக்குத் தேங்காய்ப்பால் எந்தப் பதத்தில் ஊற்றுவது என்று பேசிக்கொண்டிருந்தார். இருவரும் பேசியது தமிழ்தான், ராகம் மட்டும் வேறு. நாங்கள் திரும்பியபோது இடியப்பமும் சொதியும் தயாராக இருந்தன.

திமிங்கலத்தைப் பார்த்தோமா என்று கேட்பீர்கள். பார்த்தோம். முதலில் தூரத்தில் வெள்ளைப் புகைபோல ஒரு தூவல். படகோட்டி எஞ்சினை அணைத்தார். பிறகு சாம்பல் கலந்த நீல முதுகு நீருக்கு மேலே வந்து, முடிவே இல்லாததுபோல் நழுவிக்கொண்டே போனது. முதுகின் கடைசியில் இருக்கும் சிறு துடுப்பு தென்படுவதற்குள் என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாலைத் தூக்கி அது ஆழத்துக்குப் போன பிறகும் படகோட்டி பின்தொடரவில்லை. எந்த விடுதிக்கும் நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி, அவர்கள் அனுப்பும் படகோட்டி இப்படிப்பட்டவரா என்பதற்குத்தான்.

உப்புவெளியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சின்னப் படகுகளில் கழிவறை கிடையாது, நிழலும் பெரும்பாலும் கிடையாது. முதுகுவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஏற்றதல்ல. அவர்கள் அரையாண்டு விடுமுறை வரை பொறுத்திருந்து மிரிஸ்ஸவின் பெரிய படகில் போகலாம். சாலையோரத்தில் சில இடங்களில் இரவு நேரத்தில் பாட்டுச் சத்தமும் இருந்தது. அறை கேட்கும்போது கடல் பக்கமாகவே கேளுங்கள்.

முன்பதிவுக்கு முன் விடுதிக்காரரிடம் போனில் நான்கு விஷயம் கேட்டுவிடுங்கள். படகு உங்கள் வாசலிலிருந்தே கிளம்புமா? கடல் சரியில்லாவிட்டால் மறுநாளைக்கு மாற்றித் தருவீர்களா, பணம் பிடிப்பீர்களா? பிள்ளைகள் அளவுக்கு உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா? திமிங்கலம் தெரிந்ததும் எஞ்சினை அணைப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "பக்கத்திலேயே கொண்டுபோய்க் காட்டுவோம்" என்று பதில் வந்தால் வேறு விடுதி பாருங்கள். அறையை மட்டும் ஒரு நாள் கூடுதலாகவே போட்டுக்கொள்ளுங்கள். அந்த உபரி நாள் இல்லாமல் போயிருந்தால் எங்களுக்குத் திமிங்கலம் கிடைத்திருக்காது.