கோவையில் தனி வீடு: ஏஏசி பிளாக்கா, ஃப்ளை ஆஷ் செங்கல்லா?

2021 மார்ச்சில் தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த 186 செங்கல் சூளைகள் மூடப்பட்டன. செம்மண்ணைத் தோண்டித் தோண்டி மலையடிவாரமே குழியாகிப் போனதற்கும், யானைகளின் வழி அறுபட்டதற்கும் தாமதமாக வந்த தீர்வு அது. வந்தே தீர வேண்டிய தீர்வும்கூட. அதன் பிறகு கோவையில் வீடு கட்டுவோர் எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: சுவருக்கு என்ன கல்? சேம்பர் செங்கல் இப்போதும் கிடைக்கிறது, ஆனால் தூரத்திலிருந்து வருவதால் லாரி வாடகையும் அதன் தலையில் ஏறிவிடுகிறது. அதனால் இன்ஜினியர்கள் பெரும்பாலும் ஏஏசி பிளாக்கையோ (காற்றுக் குமிழ்களோடு ஆவியில் வேகவைத்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) ஃப்ளை ஆஷ் செங்கல்லையோதான் (நிலக்கரிச் சாம்பலை அழுத்திச் செய்த, சூளையில் சுடாத கல்) சொல்கிறார்கள்.

நான் ஃப்ளை ஆஷ் பக்கம். அதிலும், கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. எங்கள் வீட்டுக்குத் தேர்ந்தெடுத்ததும் இதுதான், அதனால் சாய்வு இருக்கத்தான் செய்யும். இங்கே பேசுவது துடியலூர், வடவள்ளி, சரவணம்பட்டி பக்கம் நான்கைந்து சென்ட்டில் எழும் தரைத்தளம், முதல் தளம் கொண்ட தனி வீட்டைப் பற்றி மட்டும். ஐந்து மாடி அடுக்ககம் என்றால் விவாதமே வேண்டாம், ஏஏசிதான். எட்டு அங்குல ஏஏசி சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 130 கிலோ, கெட்டியான ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 400 கிலோவைத் தாண்டும். அந்த எடைக் குறைவு ஒவ்வொரு மாடியிலும் பீம், பில்லர், அஸ்திவாரம் என்று கம்பியை மிச்சப்படுத்தும். இரண்டு தளத்தில் அந்த மிச்சம் சொற்பம்.

வேகத்திலும் ஏஏசி முந்தும். 600க்கு 200 மி.மீ. முகம் கொண்ட கல்லில் 100 சதுர அடிச் சுவருக்கு 77 கல் போதும். 3 மி.மீ. ஒட்டுப் பசைக்கு 40 கிலோ மூட்டை இரண்டுக்குள் அடங்கும். தண்ணீர் ஊற்றி நனைக்கிற வேலையும் சுவருக்கு இல்லை.

வெப்பத்திலும் ஏஏசிக்கே மதிப்பெண். 200 மி.மீ. ஏஏசி சுவரின் யு மதிப்பு (வெப்பம் எவ்வளவு கடக்கிறது என்ற அளவு, குறைந்தால் நல்லது) 0.8 அளவில் நிற்கும், ஒன்பது அங்குலக் கெட்டிச் சுவருக்கு 2 அளவில் போகும். எலிப்பொறிக் கட்டு இரண்டுக்கும் நடுவில், கெட்டிச் சுவருக்குச் சற்று நெருக்கமாகவே இருக்கும். ஆனால் தனி வீட்டில் மேல்தளத்தை வேகவைப்பது சுவரைவிடக் கூரைதான். வீடுகளுக்கான 2018ஆம் ஆண்டின் எகோ நிவாஸ் சம்ஹிதா கூரையின் யு மதிப்பு 1.2க்குள் இருக்கச் சொல்கிறது. வெறும் கான்கிரீட் தளம் 3க்கு மேல். கூரையை அப்படியே விட்டுவிட்டுச் சுவருக்கு மட்டும் ஏஏசி வைத்தால் மே மாதத்தில் மாடி அறையில் பெரிய வித்தியாசம் தெரியாது. சுவரில் மிச்சம் பிடிக்கும் பணத்தைத் தளத்தின் மேல் வெப்பத் தடுப்பும் வெள்ளை ஓடும் பதிக்கவும், மேற்கு ஜன்னல்களுக்கு இரண்டடி சன்ஷேடு போடவும் செலவழிப்பதே கெட்டிக்காரத்தனம்.

முடிவைத் தீர்மானிக்கும் விஷயம் இவை எதுவும் இல்லை. கட்டி முடித்த பிறகு அந்தச் சுவரைப் பராமரிப்பது எப்படி என்பதுதான். காரணம் மறுவிற்பனை.

கோவையில் பழைய தனி வீடு விலை பேசப்படும் விதத்தைக் கவனியுங்கள். முதலில் சென்ட் கணக்கில் இடத்துக்கு விலை. அப்புறம் கட்டடத்துக்குச் சதுர அடி கணக்கில் ஒரு தொகை, அதில் வயசுக்கு ஏற்பத் தேய்மானம். வங்கியின் மதிப்பீட்டாளரும் ஏறக்குறைய இதே வழியில்தான் போவார். 'சூளை எரிக்காத கல், குறைந்த சிமெண்ட்' என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. வாங்குபவருக்கோ பத்திரச் செலவே 9 சதவீதம்: முத்திரைத் தீர்வை 7, 2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 2. எங்காவது விலையைக் குறைக்க வழி கிடைக்காதா என்றுதான் அவர் வீட்டைச் சுற்றி வருவார். அவர் கண்ணில் முதலில் படுவது பில்லர் ஓரமாக நெட்டுக்கு ஓடும் விரிசல், ஜன்னலின் கீழ்மூலையில் சாய்ந்து இறங்கும் விரிசல், பேஸ்மென்ட்டுக்கு மேல் ஓதம் ஏறி உப்பிய பெயின்ட். பசுமைக்கு யாரும் கூடுதலாகத் தர மாட்டார்கள், விரிசலுக்கு நிச்சயம் கழிப்பார்கள்.

ஏஏசி சுவரில் விரிசல் வருவதற்குக் கல் மட்டும் காரணமில்லை. கல் உலரும்போது சுருங்கும், கான்கிரீட் பில்லர் அதே அளவில் சுருங்காது, இரண்டும் சேரும் இடத்தில் பூச்சு பிளந்துகொள்ளும். மழையில் நனைந்த கல்லை அப்படியே வைத்துக் கட்டினால் சுருக்கம் இன்னும் அதிகம். இதைத் தடுக்க முடியும், ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக இருக்கின்றன. பில்லரிலிருந்து இரண்டு அல்லது மூன்று கல்வரிக்கு ஒருமுறை கம்பியை நீட்டிச் சுவரோடு கட்ட வேண்டும். சில் மட்டத்திலும் (ஜன்னலின் அடி) லிண்டல் மட்டத்திலும் (ஜன்னல், கதவின் தலை) கான்கிரீட் பட்டை ஓட்ட வேண்டும். பீமுக்கு அடியில் 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விட்டு, மேல்தளச் சுவரும் எழும்பிய பிறகே அதை அடைக்க வேண்டும். கல்லும் கான்கிரீட்டும் சேரும் இடமெல்லாம் இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் ஏறும்படி வலை அடித்துப் பூச வேண்டும். பூச்சு 1:6க்கு (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) மேல் கெட்டியாகப் போகக்கூடாது, ஏனென்றால் சிமெண்ட் அதிகமான பூச்சு மென்மையான கல்லை இழுத்துக்கொண்டு வெடிக்கும். பெரிய கம்பெனி சைட்டில் சூப்பர்வைசர் நின்று பார்ப்பார். தனி வீட்டில் மேஸ்திரி ஒட்டுப் பசை தீர்ந்த அன்று சாதாரணக் கலவையை வைத்து வரியை ஏற்றிவிடுவார். உலர்ந்த கல் அந்தக் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிட, அந்த வரி ஒட்டாமலே நிற்கும். இரண்டு வருஷத்தில் பெயின்ட்டுக்கு மேல் படிப்படியாகத் தெரியும்.

அதோடு முடியவில்லை. குடியேறிய பிறகு கீசர், கிச்சன் கபோர்டு, ஏசி அவுட்டோர், இன்வெர்ட்டர் பலகை என்று எதை மாட்டினாலும் ஏஏசிக்கு நீளமான நைலான் பிளக்கோ ரசாயன ஆங்கரோ வேண்டும். ஜன்னல் கிரில்லின் கால் பதியும் இடத்தில் கான்கிரீட் கட்டி வைத்திருக்க வேண்டும். பைப் தடம் எடுக்கக் கட்டர் வேண்டும். தெருக்கோடி பிளம்பர் சுத்தியலும் உளியுமாக வந்து நாலு தட்டு தட்டினால் கல் பாதியாக உதிரும். பதினைந்து வருஷம் கழித்து அந்த வீட்டை வாங்குபவர் கூப்பிடப் போவதும் அதே பிளம்பரைத்தான்.

ஃப்ளை ஆஷ் செங்கல்லுக்கு இந்தத் தொல்லை குறைவு. பழக்கமான சிமெண்ட் கலவை, பழக்கமான கரணை, பழக்கமான பிளக். எந்தக் கொத்தனார் வந்தாலும் உடைத்து அடைத்துவிட்டுப் போவார். சூளையில் வேகாத கல், மேல்மண்ணைத் தொடாத கல். மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்கள் கொட்டி வைக்கும் சாம்பலைத் தின்று தீர்க்கிறது. சாம்பலோடு சிமெண்ட்டும் சேருவதால் கார்பனே இல்லை என்று சொல்ல முடியாது. அதைக் குறைக்கத்தான் எலிப்பொறிக் கட்டு.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970களில் கேரளத்தில் பரப்பிய முறை இது. 230க்கு 110க்கு 75 மி.மீ. கல் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். வெளிமுகத்தில் 75, உள்முகத்தில் 75, நடுவில் 80 மி.மீ. வெற்றிடம், மொத்தம் 230. நெடுக்கில் இரண்டு கல், குறுக்கே ஒரு கல் என்று மாறி மாறி வரும். வரி உயரம் கலவையோடு 120 மி.மீ. கணக்குப் போட்டால் சாதாரண ஒன்பது அங்குலச் சுவரில் 100 சதுர அடிக்குச் சுமார் 910 கல், இதில் 715. கலவை ஏறக்குறைய பாதி. சேதாரத்துக்கு ஐந்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் விதிகள் உண்டு. பேஸ்மென்ட்டுக்கு மேல் முதல் வரி, சில்லுக்கு அடியில், லிண்டலுக்கு மேல், தளம் உட்காரும் கடைசி வரி எல்லாம் கெட்டியாக மூடப்பட வேண்டும். இல்லாவிட்டால் எறும்பும் கரையானும் வெற்றிடத்துக்குள் குடியேறும். மூலைகளிலும் சுவர்கள் சேரும் இடங்களிலும் கதவு ஜன்னல் ஓரங்களிலும் வெற்றிடத்துக்குள் கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். குளியலறைச் சுவரை இந்த முறையில் கட்டவே வேண்டாம், குழாய்த் தடம் வெட்டினால் 75 மி.மீ. முகமே போய்விடும். மின்குழாய்களை நெட்டுக்கு வெற்றிடத்திலேயே இறக்கிவிடலாம், அதற்கு சுவிட்ச் பாக்ஸ் இடங்கள் சுவர் எழும்புவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கொத்தனாருக்குப் புதிது என்றால் முதல் நாள் நான்கு வரி மாதிரிச் சுவர் ஒன்று கட்டவைத்து, கலவை வெற்றிடத்துக்குள் விழாமல் பலகை வைத்துப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். கலவை உள்ளே விழுந்து இரண்டு முகத்தையும் பாலம் போட்டுச் சேர்த்துவிட்டால் மழை ஈரம் அந்த வழியாக உள்ளே வரும்.

ஃப்ளை ஆஷ் கல்லுக்கும் விரிசல் வரும். பெரும்பாலும் ஒரே காரணம்: ஆறாத கல். அழுத்தி எடுத்த கல்லுக்குக் குறைந்தது இரண்டு, மூன்று வாரம் தண்ணீர் காட்டி, அப்புறம் உலரவிட வேண்டும். ஆர்டர் நெருக்கினால் ஒரு வாரத்திலேயே லாரி ஏற்றிவிடுகிறார்கள். அந்தச் சுருக்கம் முழுக்க உங்கள் சுவரில் நடக்கும். சூளைச் செங்கல்லைப்போலத் தொட்டியில் முக்கி எடுப்பதும் தவறு. மேலாகத் தண்ணீர் தெளித்தால் போதும். முகம் வழவழப்பாக இருப்பதால் பூச்சு பிடிக்க, கட்டும்போதே சந்துகளை 10 மி.மீ. சுரண்டிவிட வேண்டும். பூச்சு மணலில் பாறைத்தூள் அதிகமிருந்தால் சிலந்திவலை விரிசல் விழும், அதற்குக் கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. அதேபோல, சூலூர், பல்லடம் பக்கக் கரிசலில் அஸ்திவாரம் ஆழம் போதாமல் போட்டுவிட்டு எந்தக் கல் வைத்தாலும் சுவர் பிளக்கும்.

பில்லர் வைக்கலாமா? எலிப்பொறிச் சுவர் நல்ல கல்லில் இரண்டு தளத்தைத் தானே தாங்கும், கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் பார்த்துச் சொன்னால் பில்லர் செலவே மிச்சம். ஆனால் வாங்க வருபவர் 'பில்லர் போட்டிருக்கா, மேல ஏத்தலாமா?' என்றுதான் கேட்பார். பத்து வருஷத்துக்குள் விற்கும் எண்ணம் இருந்தால் பில்லர் வைத்து, எலிப்பொறிச் சுவரை இடைநிரப்பாக எழுப்புங்கள். மிச்சம் குறையும், பேரம் சுலபமாகும். அப்போதும் பில்லர் சேருமிடத்தில் வலை அடித்தே பூச வேண்டும்.

ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திய மண் கட்டியும் இருக்கிறது. ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் பல ஆண்டுகளாகக் கட்டிக் காட்டியிருக்கிறது, பசுமையில் எல்லாவற்றையும் மிஞ்சும். உங்கள் மனையிலேயே நல்ல செம்மண் இருந்து, அகலமான தாழ்வாரமும் இரண்டடி பேஸ்மென்ட்டும் வைத்து, கடைசி வரை நீங்களே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் போங்கள். கரிசல் மண்ணில் இது சரிவராது. விற்கும் பேரத்தில் இது எப்படி எடுபடும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குக் கோவைப் பக்கம் கைமாறிய வீடுகள் இல்லை.

கான்ட்ராக்டரிடம் சதுர அடி ரேட் மட்டும் பேசினால் இந்த அலசலெல்லாம் வீண், கையில் கிடைத்த கல் வந்து இறங்கும். ஒப்பந்தத்தில் கல்லின் அளவு, சதுர மி.மீ.க்கு 7.5 நியூட்டன் அழுத்த வலிமை, உற்பத்தித் தேதி, கட்டும் முறை நான்கையும் எழுதுங்கள். ரேட்டை ஒப்பிடும்போதும் கல் விலையை மட்டும் பார்க்காமல் 100 சதுர அடிச் சுவருக்குக் கல், கலவை, வலை, பட்டைக் கம்பி, பூச்சு, கூலி எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். ஏஏசியின் விலை மலிவாகத் தெரிவது பெரும்பாலும் வலையும் பட்டையும் அந்தக் கணக்கில் விட்டுப்போவதால்தான்.

லோடு இறங்கும் அன்று ஐந்து கல்லை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையில் போடுங்கள், ஒன்றுக்கு மேல் உடைந்தால் லாரியைத் திருப்பி அனுப்பலாம். இரண்டு கல்லை நன்றாக உலர்த்தி எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு மறுபடி எடைபோடுங்கள். மூன்று கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்தால் வேண்டாம், 400க்குள் நின்றால் நல்ல கல். தேறிய லோடையும் உடனே கட்டாமல், காற்று புகும்படி அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு இன்னும் இரண்டு வாரம் வைத்திருங்கள்.