பாரோமீட்டரா, ஆக்சிலரோமீட்டரா: ராக்கெட் உச்சியை எதை நம்பிக் கண்டுபிடிப்பது?

சின்ன மாடல் ராக்கெட்டில் பாராசூட்டை விரிக்க எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் தேவையில்லை. எஸ்டெஸ் சி6-5 மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இருக்கும் 5 என்பது, எரிபொருள் தீர்ந்து எத்தனை விநாடி கழித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிமருந்து பற்றும் என்பதைக் குறிக்கிறது. ராக்கெட் கனமோ லேசோ, அதே 5 விநாடிதான். ஆனால் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறும் ராக்கெட்டுக்கு இந்தக் கணக்கு போதாது. உச்சியில் ஒரு சின்ன பாராசூட், தரைக்கு 150 மீட்டர் இருக்கும்போது பெரிய பாராசூட் என்று இரண்டு கட்டமாக இறக்கினால்தான் காற்று அதை எங்கோ அடித்துக்கொண்டு போகாமல் இருக்கும். அதற்கான எலெக்ட்ரானிக் போர்டை நாமே செய்ய உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி இதுதான்: உச்சிக்கு வந்துவிட்டோம் என்று ராக்கெட்டுக்கு எப்படித் தெரியும்?

காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரைக் கேட்கலாம், அல்லது முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரைக் கேட்கலாம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் போர்டு என்றால் முடிவெடுக்கும் பொறுப்பைப் பாரோமீட்டரிடம் மட்டும் கொடுங்கள். ஆக்சிலரோமீட்டர் கூடவே பறக்கட்டும், பதிவு செய்யட்டும், ஆனால் எதையும் பற்றவைக்க வேண்டாம்.

தரைக்கு அருகே ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறைகிறது. பரவலாகக் கிடைக்கும் பிஎம்பி280 சென்சார், உயர மாற்றத்தை ஏறக்குறைய ஒரு மீட்டர் பிசகுக்குள் சொல்லிவிடும். எம்எஸ்5611 பத்து சென்டிமீட்டர் வித்தியாசத்தைக்கூடப் பிரித்துப் பார்க்கும். உச்சியில் மேல்நோக்கிய வேகம் பூஜ்யம். அங்கிருந்து அரை விநாடியில் ராக்கெட் ஒன்றேகால் மீட்டர் விழும், ஒரு விநாடியில் ஐந்து மீட்டர் விழும். ஆகவே போர்டில் ஓடும் நிரல் செய்ய வேண்டியது எளிய வேலை: இதுவரை கண்ட அதிகபட்ச உயரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மூன்று நான்கு மீட்டர் இறங்கியதும் சின்ன பாராசூட்டை வெளியே தள்ள வேண்டும். தாமதம் ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்குள் கீழ்நோக்கிய வேகம் விநாடிக்கு 10 மீட்டரைத் தாண்டியிருக்காது.

பாரோமீட்டருக்கும் பலவீனங்கள் உண்டு. உடற்குழாயில் துளை போட்டால்தான் அதற்கு வெளிக்காற்று தெரியும். ஒரே துளை போட்டால் பக்கக்காற்று ஏமாற்றும். ஒரே உயரத்தில், சம இடைவெளியில் மூன்று நான்கு துளைகள் வேண்டும். துளை வழியாக வெயில் நேராகச் சென்சாரில் பட்டாலும் அளவு எகிறும், அதனால் மேலே ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டை வைத்துவிடுங்கள். பெரிய ஆபத்து ஒலியின் வேகத்தைத் தாண்டும் ராக்கெட்டில்தான். அதிர்வலை துளையைக் கடக்கும்போது அழுத்தம் திடீரென்று கூடும், போர்டு "இறங்குகிறோம்" என்று நினைத்துவிடும். அந்த வேகத்தில் பாராசூட் வெளியே வந்தால் ராக்கெட் நார்நாராகிவிடும்.

இந்த இடத்தில் ஆக்சிலரோமீட்டர் ஜெயிக்கிறது, அதற்கு அதிர்வலை ஒரு பொருட்டே இல்லை. கிளம்பிய நொடியைக் கண்டுபிடிப்பதிலும் அதுதான் கெட்டி. ஆனால் உச்சி?

எரிபொருள் தீர்ந்ததும் ராக்கெட் மேலே எறிந்த கல் மாதிரிதான். ராட்டினம் சரேலென்று இறங்கும்போது வயிறு லேசாகிறதே, அந்த நிலை. மோட்டார் தள்ளுவதும் காற்று தடுப்பதும் ஆக்சிலரோமீட்டருக்குத் தெரியும், புவியீர்ப்பு தெரியாது. அதனால் உச்சியில் "இதோ" என்று அது எந்த அடையாளமும் காட்டாது. கிளம்பியதிலிருந்து ஒவ்வொரு அளவையும் கூட்டிக் கூட்டி வேகத்தைக் கணக்கிட்டு, அது பூஜ்யமாகும் நேரத்தை உச்சி என்று ஊகிக்க வேண்டும். கூட்டும்போது பிழையும் சேர்ந்தே கூடும். மலிவான எம்பியு6050 சென்சாரின் ஒரு அச்சில் 0.08 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) வரை பூஜ்யப் பிழை, அதாவது பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் வரும் பிசகு, இருக்கலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. அதைத் திருத்தாமல் விட்டால் எட்டு விநாடியில் வேகக் கணக்கு விநாடிக்கு 6 மீட்டர் தவறிவிடும். ஏவுமேடையில் நிற்கும்போதே அளந்து இதைக் கழிக்கலாம், சரி. ராக்கெட் 20 பாகை சாய்ந்து பறந்தால்? சென்சார் நீளவாக்கில் மட்டுமே அளப்பதால் மேல்நோக்கிய வேகத்தை ஆறு சதவீதம் அதிகமாக எண்ணும். பத்து விநாடியில் உச்சி தொடும் ராக்கெட்டில் அது அரை விநாடிக்கு மேல் தாமதம். போதாக்குறைக்கு எம்பியு6050 அளப்பது 16 ஜி வரைதான். லேசான ராக்கெட்டில் வலுவான மோட்டார் போட்டால் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். 200 ஜி வரை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்375 அதற்குச் சரியான மாற்று.

அப்புறம் அந்த 150 மீட்டர் பெரிய பாராசூட். சின்ன பாராசூட்டில் தொங்கி ஆடிக்கொண்டு வரும் ராக்கெட்டில் ஆக்சிலரோமீட்டரிடம் உயரம் கேட்பதில் பயனே இல்லை. பாரோமீட்டர் எப்படியும் தேவை.

இரண்டு சென்சாரின் அளவுகளையும், அவற்றின் பிழைகளை எடைபோட்டு ஒரே மதிப்பீடாக்கும் கால்மன் ஃபில்டர் என்ற கணக்கில் சேர்ப்பதே முதிர்ந்த வழி. ஆல்டஸ் மெட்ரமின் டெலிமெட்ரம் போர்டு அப்படித்தான் செய்கிறது. அதே நிறுவனத்தின் ஈஸிமினி வெறும் பாரோமீட்டரை வைத்தே இரண்டு பாராசூட்டையும் விரிக்கிறது. இரண்டு போர்டுகளின் சர்க்யூட் வரைபடங்களும் நிரலும் எல்லோருக்கும் திறந்தவை. சொந்தமாக எழுதும் முன் ஒரு மாலை உட்கார்ந்து அவற்றைப் படியுங்கள்.

இவ்வளவுக்கும் மேலாக நான் பாரோமீட்டர் பக்கம் நிற்பதற்குக் காரணம், அதைச் சமையலறை மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம். அரை லிட்டர் ஊறுகாய் பாட்டிலுக்குள் போர்டை வைத்து, மூடியில் ஒரு குழாயைக் காற்றுப் புகாமல் ஒட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சை மாட்டுங்கள். 50 மில்லி இழுத்தால் உள்ளே அழுத்தம் பதினொன்றில் ஒரு பங்கு குறையும், போர்டு 800 மீட்டர் ஏறிவிட்டதாக நம்பும். மெல்லத் தள்ளினால் இறங்கும். பாராசூட் மருந்தைப் பற்றவைக்கும் இ-மேட்சுக்குப் பதில் ஒரு சின்ன பல்பை மாட்டியிருந்தால், உச்சியில் அது மின்னுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆக்சிலரோமீட்டருக்கு இப்படி ஒரு பாட்டில் இல்லை. அதன் கணக்கு சரியா என்று பறக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

என் முதல் போர்டின் பிழை பாட்டிலில்தான் தெரிந்தது, அது சென்சார் பிழையே இல்லை. பல்பு எரிந்த நொடியில் பேட்டரி தள்ளாடி, போர்டின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகி, தான் தரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டது. பெரிய பாராசூட் அன்று வந்திருக்கவே வந்திருக்காது. பற்றவைக்கும் வேலைக்குத் தனி பேட்டரி வைத்ததும் சரியாயிற்று. இ-மேட்சுக்கு மின்சாரம் விடும் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டின் கேட்டை (அதைத் திறந்து மூடும் காலை) பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தோடு இணைக்கும் ரெசிஸ்டரையும் மறக்காதீர்கள். அது இல்லையென்றால் சுவிட்சைப் போட்ட கணத்தில், முகத்துக்கு முன்னாலேயே மருந்து பற்றலாம்.

முதல் சில பறத்தல்களில் மோட்டாரின் 5 விநாடி மருந்தே பாராசூட்டைத் தள்ளட்டும், உங்கள் போர்டு பல்போடு பயணியாகப் போகட்டும். திரும்பி வந்ததும் அது குறித்த உச்சி நேரத்தை ஆக்சிலரோமீட்டர் கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த முறை பல்பைக் கழற்றிவிட்டு இ-மேட்சை மாட்டலாம்.