குடிபெயரும் முன் பத்து நாள்: பிரிக்பீல்ட்ஸ் வாடகை வீடு

சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குக் குடும்பத்தோடு குடிபெயரும் முன் ஊரை வாழ்ந்து பார்த்துவிட வேண்டும் என்று, அந்நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பத்து நாள்களுக்கு ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை என்பதால், இத்தகைய பயணத்துக்கு இப்போது அதிகச் சிரமமில்லை. ஆனால் அந்த அனுமதியில் வேலை செய்ய முடியாது.

இடத்தில் குறையே இல்லை. நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் நடக்கும் தொலைவில் இருந்ததால், காலையில் எல்ஆர்டி என்ற நகர ரயிலில் பெட்டாலிங் ஜெயாவுக்கும் மாலையில் கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் கிள்ளானுக்கும் சென்று வீடு பார்க்க முடிந்தது. வீட்டுக்காரம்மாவின் ஓர் அறிவுரை மட்டுமே கொடுத்த வாடகைக்கு ஈடு: "தம்பி, வீடு பார்க்க மத்தியானம் போகாதீங்க, சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்க." அப்படிப் போனபோதுதான், பகலில் பிடித்துப்போன ஒரு வீட்டின் வாசலில் இரண்டு வரிசையாகக் கார்கள் அடைத்து நிற்பதைக் கண்டோம். இரண்டு மாத வாடகை முன்பணம், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் முன்பணமாக அரை மாத வாடகை, முதல் மாத வாடகை என்று கேட்பதே இங்கு வழக்கம் என்பதையும், அதாவது 2,000 ரிங்கிட் வீட்டுக்குத் தொடக்கத்திலேயே 7,000 ரிங்கிட் எடுத்து வைக்க வேண்டும் என்பதையும் அவரே விளக்கினார்.

குறை என்றால், விளம்பரத்தில் "அமைதியான அறை" என்றிருந்ததுதான். சாலைப் பக்கத்து ஜன்னல் முழுதாக மூடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டே நின்றது. மோட்டார் சைக்கிள்களின் சத்தம் நள்ளிரவுக்குப் பின்னும் ஓயவில்லை. குழந்தைகளோடு செல்வோர் பின்பக்க அறையைக் கேட்டு வாங்கலாம்.