தெய்சேயில் ஒரு வாரம்: யாருக்குப் பயன்படும்?

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள தெய்சே துறவற சமூகம், ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை இளையோரைத் தங்கவைத்துச் செபத்தில் நடத்துகிறது. வாழ்க்கையை எதற்குக் கொடுப்பது என்று தெரியாமல் தவிக்கிற பிள்ளைகளுக்கு ஐரோப்பாவில் இதைவிட நல்ல இடம் சொல்வது கடினம். ஆனால் முழு வாரமும் இருக்க வேண்டும். வெள்ளி மாலை வந்து ஞாயிறு கிளம்புகிறவர்களுக்குப் பாட்டு மட்டும்தான் மிஞ்சும்.

ஞாயிறு தவிர தினமும் மூன்று வேளை செபம்: காலை 8.15, மதியம் 12.20, இரவு 8.30. தரையில்தான் அமர்வு, ஓரங்களில் மட்டும் பெஞ்சு. ஓரிரு வரிப் பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். வாசகம் முடிந்ததும் பத்து நிமிடம் போல முழு மௌனம். முதலிரண்டு நாள் அந்த மௌனத்தில் கை கைபேசியைத்தான் தேடும். புதன்கிழமை வாக்கில் மனம் அடங்கும். காலை விவிலிய வகுப்பில் கேட்ட வசனம் அதன்பிறகுதான் உள்ளே இறங்கும். இரவுச் செபம் முடிந்ததும் இச்சமூகத்தின் துறவிகளான சகோதரர்கள் சிலர் கோவிலிலேயே நிற்பார்கள். யாரும் போய்த் தனியே பேசலாம். முடிவை அவர்கள் எடுத்துத் தரமாட்டார்கள், பொறுமையாகக் கேட்பார்கள். இறையழைத்தலைப் பற்றி, அதாவது கடவுள் நம்மை எதற்கு அழைக்கிறார் என்பதில், குழப்பம் இருந்தால் இந்தச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள்.

வாரம் முழுவதும் மௌனமாக இருக்கவும் ஏற்பாடு உண்டு. ஆண், பெண்ணுக்குத் தனித்தனி வீடுகள். முதல் முறை போகிறவர்கள் பொது வாரத்தையே எடுப்பது நல்லது. பழக்கமில்லாத மௌனம் பலரைச் சோர்வில் தள்ளிவிடும்.

இந்த ஒழுங்கின் வேர், சமூகத்தை நிறுவிய சகோதரர் ரோஜேயின் தரிசனம். பிரிந்து கிடக்கும் கிறிஸ்தவர்கள் ஒரே கூரையின் கீழ் ஒப்புரவாகி வாழ வேண்டும் என்று 1940-இல், 25 வயதில், தனியாளாக இந்த ஊருக்கு வந்தார். போரில் தப்பி வந்தவர்களை ஒளித்துவைத்தார். நாஜிகளின் ரகசியக் காவல்படையான கெஸ்டாப்போ தேடியதால் 1942-இல் வெளியேறி, 1944-இல் திரும்பினார். முதல் ஏழு சகோதரர்கள் வாழ்நாள் வாக்குக் கொடுத்தது 1949 ஈஸ்டரில்தான். "அது தாமதித்தாலும் அதற்குக் காத்திரு" என்று விவிலியத்தில் ஆபகூக் இறைவாக்கினருக்குச் சொல்லப்பட்டதை அந்த ஒன்பது ஆண்டுகளில் பார்க்கலாம். போகுமுன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி அனுப்புங்கள்.

குறைகளும் உண்டு. கோடையில் ஆயிரக்கணக்கில் கூட்டம். சாப்பாட்டுக்கு நீண்ட வரிசை. காலையில் ரொட்டி, வெண்ணெய், இரண்டு சாக்லேட் குச்சி, கிண்ணத்தில் தேநீர். மற்ற வேளைகளிலும் சாப்பாடு அளவாகத்தான் தருவார்கள். நம் வயிற்றுக்குப் போதாது, காரமும் இருக்காது. ஊறுகாய்ப் போத்தல் ஒன்று பையில் இருக்கட்டும். இரவில் 'ஓயாக்' என்ற சிற்றுண்டிக் கடைப்பக்கம் சத்தம் அடங்காது, கூடாரத்தை அதற்குத் தள்ளி அடியுங்கள். பகிர்வுக் குழுவில் ஆங்கிலமோ பிரெஞ்சோ ஓரளவாவது பேச வராவிட்டால் வாரத்தின் பாதி வீண். பாத்திரம் கழுவுவதோ கழிப்பறை சுத்தம் செய்வதோ எல்லோருக்கும் ஒரு வேலை விழும். அதைத் தண்டனையாக நினைக்கிறவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது.

கட்டணம் வயதையும் நாட்டையும் பொறுத்தது, குறைவுதான். சகோதரர்கள் தங்களுக்கென்று நன்கொடை வாங்குவதில்லை. மட்பாண்டம் போன்ற சொந்த உழைப்பில் வாழ்கிறார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பொறுப்பாளர் ஒருவருடன்தான் வர முடியும். 35-ஐத் தாண்டியவர்களுக்கு இடம் குறைவு என்பதால் முன்பே இணையத்தில் பதியவும். பாரிசிலிருந்து மாக்கோன்-லோஷே வரை தெஜேவே (TGV) அதிவேக ரயில், அங்கிருந்து பேருந்து. பேருந்துகள் அதிகமில்லை, அதன் நேரத்தைப் பார்த்த பிறகே ரயில் டிக்கெட் எடுங்கள். தூங்கும் பை, டார்ச், மழைச்சட்டை மூன்றும் அவசியம்.