முதுகுக்கு ஊசியா, நரம்புக்குச் சூடா?

ராயக்கோட்டை பக்கம் எங்களுக்குத் தக்காளித் தோட்டம். குனிந்து பறித்துவிட்டு நிமிரும்போது அம்மா இரண்டு கையையும் தொடையில் ஊன்றித்தான் எழுவார். நாலு வருட இடுப்பு வலி. பிசியோதெரபியில் தீராதபோது டாக்டர் இரண்டு வழி சொன்னார்: ஸ்டீராய்டு ஊசி, அல்லது ஆர்.எஃப். (ரேடியோ ஃப்ரீக்வன்சி) எனும் சூட்டு சிகிச்சை.

"நரம்பைச் சுட்டா கால் விழுந்துடாதா?" என்று பெரியம்மா பதறினார். கருக்குவது காலை அசைக்கும் நரம்பை இல்லை. முதுகெலும்பின் பின்பக்கம் இருக்கும் ஃபேசெட் மூட்டுகளின் வலியை எடுத்துச் செல்லும் நூல் போன்ற கிளையைத்தான். எக்ஸ்ரேயில் பார்த்தபடி ஊசியை அதனருகே வைத்து, சுமார் 80 டிகிரியில் ஒன்றரை நிமிடம் சுடுகிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஓரிரு வாரம் எரிச்சல் இருக்கலாம்.

ஸ்டீராய்டு வீக்கத்தைத் தணிக்கும். பலன் சில வாரம், மிஞ்சினால் சில மாதம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆர்.எஃப். பலித்தால் ஆறு மாதம், ஒரு வருடம் தாங்கும். அப்புறம் நரம்பு திரும்ப வளரும், வலியும் வரலாம், மறுபடி செய்துகொள்ளலாம்.

ஆனால் எல்லோருக்கும் பலிக்காது. 2017இல் வெளியான நெதர்லாந்து ஆய்வுகளில், பயிற்சியோடு இதையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சரியான ஆளுக்குச் செய்கிறோமா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் சோதனை ஊசி. அதே நரம்பை மருந்தால் சில மணி நேரம் மரத்துப்போகச் செய்து, வலி குறைகிறதா என்று பார்ப்பது. இதைச் செய்யாமல் நேராகச் சூடு வைக்கக் கூப்பிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சோதனை ஊசி போட்ட அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா தன் செருப்பைக் குனிந்து எடுத்தார். தொடையில் கை ஊன்றவில்லை. ராத்திரி வலி திரும்பியது. மருந்தின் நேரம் முடிந்ததன் அடையாளம் அது. அதன் பிறகே ஆர்.எஃப். செய்தோம்.

தர்மபுரியில் லாரி ஓட்டும் மாமாவுக்கு விஷயமே வேறு. அவருக்கு வலி பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை இழுக்கும். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. அதற்கு இந்தச் சூடு உதவாது. அவருக்கு ஸ்டீராய்டு ஊசிதான் போட்டார்கள். கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஊசியா சூடா என்று யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.