தோளில் இறங்கிய ஊசி எது? அமெரிக்காவில் நஷ்டஈடு அதைப் பொறுத்தது

தடுப்பூசியைத் தோளில் சற்று மேலே குத்திவிட்டால், மருந்து தசைக்குள் போகாமல் மூட்டை ஒட்டிய நீர்ப்பையில் இறங்கி அழற்சியை உண்டாக்கலாம். பிறகு தலை வாரக் கை எழும்பாது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியாது. இதை 'சிர்வா' என்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு குத்திய இடத்தில்தான், மருந்தில் அல்ல. ஆனால் நஷ்டஈடு கேட்கப் போனால் முதல் கேள்வியே, என்ன மருந்து என்பதுதான்.

ஃபுளூ, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி என்றால் யோகம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஃபுளூ ஊசி ஒவ்வொன்றுக்கும் வசூலாகும் 75 சென்ட் வரி இந்தத் திட்டத்தின் நிதிக்குத்தான் போகிறது. யார் மீதும் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. 2017-இல் சிர்வாவும் இதன் அட்டவணையில் ஏறியது: வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கி, வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நின்று, அங்கே பழைய கோளாறோ வேறு காரணமோ இல்லாதிருந்தால், ஊசிதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். மனுவுக்கு முதல் அறிகுறியிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம். வலி, வேதனைக்கு மட்டும் 2,50,000 டாலர் வரை கிடைக்கலாம். மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் தனி. எனக்குப் பிடித்த அம்சம், வக்கீல் கட்டணத்தையும் நிதியே தருவது. நியாயமான அடிப்படையோடு, நல்லெண்ணத்தில் தொடுத்த மனு என்றால் தோற்றாலும் தரலாம். குறை, தாமதம்: இந்த மனுக்களை நீதிமன்றத்தில் விசாரிக்கச் சட்டம் அனுமதிக்கும் சிறப்பு நடுவர்கள் எட்டுப் பேர்தான், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும்.

அதே கையில், அதே இடத்தில் இறங்கியது கோவிட் ஊசி என்றால் கதை வேறு. அது 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் இன்னொரு திட்டம். நீதிமன்றம் கிடையாது, சுகாதாரத் துறை அதிகாரிகளே முடிவு செய்கிறார்கள், மறுபரிசீலனையும் அந்தத் துறைக்குள்ளேயே. வலி, வேதனைக்கு ஒரு சென்ட்கூட இல்லை. வக்கீல் கட்டணமும் இல்லை. காப்பீடு கொடுத்தது போக மீந்த மருத்துவச் செலவும், வரம்புக்கு உட்பட்ட சம்பள இழப்பும்தான். அதுவும் பாதிப்பு 'கடுமையானது' என்று அவர்கள் ஒப்புக்கொண்டால். கெடு ஓராண்டு, அதுவும் ஊசி போட்ட நாளிலிருந்து. 'தானாகச் சரியாகிவிடும்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஆறு மாதம் இருந்தால், பாதிக் கெடு போயிற்று. என்னைக் கேட்டால் இதைத் திட்டம் என்பதே மிகை.

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் போட்டுக்கொள்ளும் அக்கித் தடுப்பூசி இரண்டிலும் சேராது. சாதாரண சிவில் வழக்குதான். ஊசி போட்டவரின் கவனக்குறைவை நாமே நிரூபிக்க வேண்டும். நிபுணர் சாட்சிக்குச் செலவாகும். கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஃபுளூவும் கோவிடும் ஒரே நாளில் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் ஒரே தோளில் வாங்கிக்கொண்டால், எந்த ஊசி செய்த வினை என்று பிரிப்பது பெரும்பாடு. ஊசிக்கொரு தோளாகக் கேட்டு வாங்குங்கள். எந்த ஊசி எந்தக் கையில் என்று சீட்டில் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இடது கையை வலது என்று எழுதிவைத்த சீட்டோடு மல்லுக்கட்டுவதும் இந்த மனுக்களில் நடக்கிறது.